பின்னாடி நான் இருக்கேன்

எங்கள் கல்லூரி கூடைப்பந்து அணியில் அவளுக்குப் பெயர் குள்ளி. ஆனால் எதிரணியில் எவள் பனைமரம் மாதிரி வந்தாலும் அவளை அடக்குவது குள்ளிதான். கூடைக்குக் கீழே பனைமரத்தின் கையில் பந்து சிக்கினால் கதை முடிந்தது. அதனால் குள்ளி அவளுக்கு முன்னால் போய் நின்று, முதுகாலேயே அவளை முட்டிக்கொண்டு, பந்தே வரவிடாமல் மறிப்பாள். எதிரணி குள்ளியின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டால் ஓடிப்போய்த் தட்டிவிடுவது என் வேலை. "பின்னாடி நான் இருக்கேன்டி" என்று கத்துவேன். அவள் திரும்பிப் பார்க்கவே மாட்டாள்.

இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் நான் வேறொருத்தியைத் துரத்திக்கொண்டு மூலைக்குப் போயிருந்தேன். வாய் மட்டும் பழக்கதோஷத்தில் "பின்னாடி நான் இருக்கேன்டி" என்று கத்தியது. பந்து குள்ளியின் தலைக்கு மேலே பறந்து பனைமரத்தின் கையில் விழுந்தது. ஒரே கூடையில் தோற்றோம்.

"இந்தக் குள்ளச்சியை நம்பினேன் பாரு!" என்று எல்லோர் முன்னாலும் கோச் பாய்ந்தார். அந்த ஆளை இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. பாவி, நானும்தான் வாயைத் திறக்கவில்லை. வேலைக்கு ஆள் எடுக்க வந்திருந்த கம்பெனி அணி அவளை விட்டுவிட்டு என்னை எடுத்துக்கொண்டது.

அவள் இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தாள். போன மாதம் ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவளிடம் அழுதுகொண்டே சொல்ல ஆரம்பித்தேன். கையமர்த்தினாள்.

"தெரியும்டி. அன்னைக்கு உன் குரல் தூரத்துலேர்ந்து வந்துச்சு."