முனுசாமி அண்ணாவின் லாரிப் பட்டை

உலையில் காய்ச்சி எண்ணெயில் முக்கிய கத்தி ‘டிங்’ என்றது. மெல்லிய சத்தம்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கத்தியில் விரிசல் விழுந்துவிட்டது. இடுக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, லாலாகுடாவில் ஒரு தகரக் கொட்டகையில் பழைய ஸ்டீலில் கத்தி செய்கிறேன். வாசல் பலகையில் என் பெயரை நானே எழுதினேன். உலைக்குக் காற்றூதும் ப்ளோயரை அம்மா பார்த்துக்கொள்கிறாள்.

அந்தக் கத்தி திருமுல்கேரி முனுசாமி அண்ணா கேட்டது. ஓட்டிய லாரியைக் காயலான் கடையில் போட்டுவிட்டு, அடியில் பாரம் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை மட்டும் கழற்றி வைத்திருந்தார். புதிதாக மெஸ் திறக்கிறார்.

“மட்டன் வெட்ற கத்தி இதுலயேதான் வேணும் பாப்பா. என் வண்டில இதான் மிச்சம்.”

சோதிக்காமல் நான் இறங்கவில்லை. பட்டையின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, காய்ச்சி, எண்ணெயில் முக்கி, வைஸில் இறுக்கி உடைத்துப் பார்த்தேன். நல்ல ஸ்டீல். ஆனால் பெரிய கத்திக்கு நீளம் வேண்டுமே; நடுப்பகுதியையும் சேர்த்துத்தான் வெட்டினேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். மயிரிழை விரிசல்.

“மூலையில அத்தனை பட்டை கெடக்கு. ஒண்ணை எடுத்துச் செஞ்சு குடுடி. அவருக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்ல.”

“ஆமா, படிச்சவ! தோள் வலிக்குது, தைலம் தேயின்னு எங்கிட்டதான வருவ.”

தோள் அப்போதே வலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவருக்குப் போன் செய்தேன்.

அவர் வந்ததும், அவர் கண்முன்னே கத்தியை வைஸில் கொடுத்து உடைத்தேன். உடைந்த இடத்தில் ஒரு பாதி கறுப்பு, மறுபாதி சாம்பல் நிறம். கறுத்திருந்தது பழைய விரிசல்.

“இது பட்டையில எந்த எடம்?” என்றார்.

“நடுவுல. யூ-போல்ட் அச்சோட இறுக்கிக் கடிக்கிற எடம்ணா.”

“ஹவ்…” என்று ஆமோதித்துத் தலையாட்டினார். “இது உன் உலைல வந்தது இல்ல பாப்பா. ஓவர்லோடு. கம்பி ஏத்திட்டுப் போறப்ப பின்னால சத்தம் வரும். நின்னு பாத்தா டெலிவரி லேட்டாகும்னு, பாட்டைச் சத்தமா வச்சுட்டுப் போயிடுவேன்.”

“ஓரத்துல நல்ல துண்டு இருக்கு. சின்னக் கத்திதான் வரும். மட்டனுக்கு வேற பட்டையில செஞ்சு தரவா?”

“நக்கோ, வேணாம். சின்னதே செய்யி. மெஸ்ஸுன்னா வெங்காயமும் வெட்டணும்ல.”

அம்மா சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டு ப்ளோயரைப் போட்டாள். நான் மறுபடி ரம்பத்தை எடுத்தேன்.

இப்போது யார் பழைய ஸ்டீல் கொண்டுவந்தாலும், ஓரத்துத் துண்டை உடைத்துப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. அது எங்கே வேலை செய்தது, எந்த இடத்தில் பாரம் தாங்கியது என்று கேட்கிறேன். அந்த இடத்தை முதலிலேயே வெட்டி ஒதுக்கிவிடுகிறேன். கேட்ட அளவுக்குக் கத்தி வராது என்றும் சொல்லிவிடுகிறேன். முகம் சுளித்துப் பட்டையைத் திரும்ப எடுத்துப் போனவர்கள் உண்டு. போகட்டும். உலை பற்றவைக்கும் முன்பே போகிறார்கள்.