நான் காணாத சொப்பனம்

நான் பொய் சொன்னேன். காணாத சொப்பனம் ஒன்றைக் கண்டதாகச் சொன்னேன். அந்தப் பொய்யினால் ஒருத்தியின் கால் பாழாயிற்று. அவள் பெயர் தாணம்மை. என் கணவருடைய தம்பியின் மனைவி. இன்றுவரை அவளுக்கு இது தெரியாது!

ஏன் சொன்னாய் என்று கேட்பீர்கள். பொறாமை... வேறென்ன? பயம், அறியாமை, சிறு வயது என்றெல்லாம் பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை. அவள் நடந்தாள், என் வயிறு எரிந்தது.

அப்போது நாங்கள் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இருந்தோம். முன்பக்கம் மல்லியும் மிளகாயும் மூட்டை மூட்டையாய் அடுக்கிய கடை, பின்பக்கம் குடித்தனம். அண்ணனும் தம்பியும் கடையிலேயே கிடப்பார்கள். உள்ளே மாமியார், நான், தாணம்மை. நான் திருநெல்வேலி டவுனில் பிறந்தவள், பத்திரிகை வாசிப்பேன். தாணம்மை பூதப்பாண்டிப் பக்கத்து வயற்காட்டில் வளர்ந்தவள்; எழுத்துக் கூட்டவும் தெரியாது. மனத்துக்குள் அவளை எவ்வளவு இளப்பமாக நினைத்திருந்தேன்!

இருவருக்கும் ஒரே சமயத்தில் வயிற்றில் பிள்ளை உண்டாயிற்று. அவளுக்கு அதுதான் முதல். எனக்கோ, அதற்கு முன் இரண்டு தங்காமல் போயிருந்தன. ஆகவே என்னைக் கட்டிலில் போட்டுவிட்டார்கள்.

"ரெண்டு பிராவசியம் கைவிட்டுப் போச்சு மக்களே. இனி நீ அனங்கப்படாது, கேட்டியா?" என்றாள் மாமியார். நானும் அசையாமல் கிடந்தேன். தண்ணீர்ச் செம்பு கூடக் கைக்கு வந்தது. கால் மரத்தது, இடுப்பு கடுத்தது, தின்றது செரிக்கவில்லை. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதும் ஒரு பிழைப்பா, சொல்லுங்கள்?

தாணம்மைக்கு ஒரு நேர்ச்சை இருந்தது. பிள்ளை பிறக்கும்வரை ஒரு நாளும் தவறாமல் நடந்து போய்த் தொழுவதாகப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தாள். விடியற்காலையில் குளித்து, ஈரத்தலையை நுனியில் முடிந்துகொண்டு, ஒரு பிடி அருகம்புல்லோடு கிளம்புவாள். பிள்ளையாரைக் கும்பிட்டதோடு விடுவாளா? கிழக்கேகோட்டை வாசலுக்குள் நுழைந்து, பத்மதீர்த்தக் குளத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் திரும்புவாள். வந்த சூட்டோடு ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து மாவரைப்பாள். வேர்வை வழியும்; முகம் மினுங்கும். வயிறு முன்னால் போக, முதுகு நிமிர்ந்து, கைகளை வீசி அவள் முற்றத்தைக் கடப்பதை நான் கட்டிலில் கிடந்தபடி பார்ப்பேன். அந்த நடை! ஐயோ, அந்த நடையை நான் எப்படி வெறுத்தேன்!

அவள் என்னைக் கூப்பிடாமல் இல்லை. "அக்கா, நீங்களும் வாருங்களேன். மெள்ளப் போயிட்டு வந்திரலாம். பிள்ளைக்கு நல்லதாக்கும்" என்பாள். கள்ளமில்லாமல்தான் சொன்னாள். அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் குத்திக்காட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் என் கணவர் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்க வந்தவர் முற்றத்தைப் பார்த்தார். "தாணம்மையைப் பாத்தியா? ஆறு மாசம் ஆச்சு, வயித்துப் பிள்ளைக்காரின்னே தோணல்லே. என்னா சுறுசுறுப்பு!" என்றார். அவர் மனத்தில் விகல்பம் ஒன்றுமில்லை. ஆனால் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. உப்பிய முகத்தோடு, எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையணையில் கிடந்த எனக்கு அந்தச் சொற்கள் எப்படி இருந்திருக்கும்!

மாமியாருக்கு ஒரு வழக்கம். காலையில் கஞ்சி கொண்டுவரும்போது எங்களிடம் இரவு கண்ட சொப்பனத்தைக் கேட்பாள். பிள்ளைத்தாய்ச்சி கண்ட சொப்பனம் பலிக்காமல் போகாது என்பது அவள் நம்பிக்கை. தாணம்மை மாம்பழம் கண்டேன், யானை கண்டேன் என்று ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். எனக்கு எப்போதும் ஒன்றுமிராது.

மறுநாள் காலையிலும் கேட்டாள். "என்ன மக்களே, வல்லதும் கண்டியா?"

"கண்டேன்" என்றேன். திட்டம் போட்டு வைத்திருந்தேனா? இல்லை! அந்த 'கண்டேன்' வாயிலிருந்து விழுந்த பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. ஆனால் எத்தனை சரளமாக வந்தது! "செவப்புச் சேலை கட்டின ஒருத்தி, அத்தே... நம்ம வாசல்லே குறுக்கே இருந்தா. தாணம்மையை வெளியே விடமாட்டேன்னா. என் கையைப் பிடிச்சு, இவளுக்குப் பதிலா நீ நடந்தா ரெண்டு பிள்ளையும் தங்கும்னு சொன்னா."

மாமியார் கஞ்சிச் செம்பைக் கீழே வைத்துவிட்டாள். "எனக்க தாயே! அது அம்மனாக்கும்!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். என் வாய் அம்மனின் வாயாகிவிட்டது.

தாணம்மை அருகம்புல்லோடு வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். "அக்கா, நல்லா ஓர்த்துப் பாருங்க. என்னையா விடல்லே? எனக்கு ஒரு சொகக்கேடும் இல்லையே..." என்றாள். கண் கலங்கியிருந்தது.

அப்போது மாற்றியிருக்கலாம். சரியாக நினைவில்லை என்று ஒரு வார்த்தை போதும். "உன்னைத்தான்" என்றேன்.

அன்றைக்கே கட்டில் கை மாறியது. அவள் படுத்தாள். நான் எழுந்தேன்.

முதல் நாள் கடைத்தெரு முனையிலேயே மூச்சு வாங்கிற்று. சுமட்டுக்காரர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வாரம் போனதும் கால்கள் எனக்கு அடங்கின. குளத்தங்கரைக் காற்று முகத்தில் பட்டபோது வயிற்றில் பிள்ளை புரண்டது. பசித்தது! எத்தனை மாதங்களுக்குப் பின் எனக்குப் பசித்தது! தூக்கம் வந்தது, இடுப்பு வலி விட்டது. ஒன்று சொன்னால் என்னைக் காறித் துப்புவீர்கள்... அந்த நாட்களைப் போல் நான் வாழ்வில் வேறெப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

திரும்பி வந்தால் தாணம்மை கட்டிலிலிருந்து கேட்பாள். "அக்கா, குளத்திலே தண்ணி எம்பிடு கெடக்கு? பிள்ளையாருக்கு என்ன பூ சாத்தியிருந்தா?" நான் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டியே சொல்வேன். காற்று எப்படி அடித்தது, தாமரை எப்படிப் பூத்திருந்தது... கேட்டுக்கேட்டு அவள் கால்விரல்கள் போர்வைக்குள் அசையும். அதைப் பார்க்கத்தான் கூட்டிச் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்தது. பாதங்கள் வீங்கின. வயலில் ஓடிய உடம்பு, கிடக்கத் தெரியாமல் தவித்தது. ஒருநாள் எழுந்து ஆட்டுக்கல்வரை போய்விட்டாள் என்று மாமியார் ஒரு பாடு அழுதாள். பிறகு அவள் எழவே இல்லை. என் பொருட்டு, தெரியுமா? "அக்காவுக்க பிள்ளையும் தங்கணும்லா" என்று தன் புருஷனிடம் சொன்னாளாம்!

எனக்கு மகன் பிறந்தான். நோவு கண்டு பொழுது சாய்வதற்குள் பிறந்துவிட்டான். மருத்துவச்சி என் வயிற்றில் துணி வரிந்து கட்டியபடி, "நடந்த ஒடம்பு, அதான் இப்பிடி லேசா முடிஞ்சுது" என்றாள். பக்கத்து அறையில் தாணம்மை அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

அவள் முறை வந்தபோது ஒரு பகல் போய், மறுபகலும் போயிற்று. பெண் குழந்தை. குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஆனால் சில நாளில் தாணம்மையின் இடது கால் தொடை முதல் பாதம் வரை வெள்ளை வெளேரென்று வீங்கிவிட்டது. தொட்டால் அலறினாள். மலையாளத்து டாக்டரம்மா ஒருத்தி வந்து பார்த்தாள். "ஆரு இவளை இத்தறை நாளு கிடத்தினது? சும்மா கிடந்தா ரத்தம் கட்டாதே இருக்குமோ? நடக்கிற பெண்ணை நடக்க விடணும்" என்று திட்டித் தீர்த்தாள்.

போயிற்று, எல்லாம் வெளியே வரப்போகிறது என்றே நினைத்தேன். ஆனால் நடந்தது என்ன? டாக்டரம்மா வண்டி ஏறியதும் மாமியார் சொன்னாள்: "கிடந்தே இந்தக் கதின்னா, நடந்திருந்தா உசுரல்லா போயிருக்கும்! அம்மன் கண்ணைத் தொறந்தா!" தாணம்மை என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்க சொப்பனம் இல்லேன்னா நான் இல்லே அக்கா" என்றாள்.

அதன் பிறகாவது என் பொறாமை அடங்கியதா? கேளுங்கள்! கொழுந்தன் தினமும் கடையிலிருந்து வந்ததும் அவள் காலை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தடவுவான். என் கணவர் என் காலைத் தொட்டதே இல்லை. ஊனக் காலுக்கு இத்தனை உபசாரமா என்று எரிந்தேன். அவளுக்குப் பால் சுரந்து வழிந்தது. என் பிள்ளைக்கும் கொடுத்தாள். அதற்கும் எரிந்தேன். அவள் நடையைப் பிடுங்கிக்கொண்ட பிறகும் எனக்கு வயிறு நிறையவில்லை!

வருஷங்கள் ஓடிவிட்டன. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டாள். தாணம்மையின் கால் வடியவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். நானோ இன்றும் குளத்தைச் சுற்றுகிறேன். தெருவில் வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கெல்லாம் என்னைத்தான் காட்டுகிறார்கள். "நிறைமாசத்திலேயும் நடந்தவங்க, பாரு!" என்கிறார்கள். நான் சிரித்துக்கொள்கிறேன். வேறென்ன செய்வது?

இவ்வளவும் பழைய கதை. நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது.

தாணம்மையின் மகள் நீலா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். என் மருமகளுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷமாயிற்று, இன்னும் ஒன்றுமில்லை. நேற்றுக் காலையில் நீலா குளித்துவிட்டு, நடந்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினாள். தாணம்மை காலை இழுத்துக்கொண்டு குறுக்கே வந்தாள். "நில்லுட்டி, பெரியம்மைகிட்டக் கேக்காம எறங்கப்படாது" என்றாள். என் பக்கம் திரும்பி, "அக்கா, வல்லதும் கண்டீங்களா?" என்றாள்.

"பெரியம்ம, ஒரு வார்த்தை சொல்லுங்க. அம்ம விடமாட்டேங்கா" என்று நீலா சிரித்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. முகம் மினுங்கிற்று. அதே தாணம்மை... அதே வயிறு... உள்ளே என் மருமகள் வெறும் வயிற்றோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எது? ஆனால் என் நாக்கு நுனியில் உண்மை வரவில்லை! செவப்புச் சேலைக்காரி வந்தாள். ஆம்... இத்தனை வருஷம் கழித்து, அதே சேலையில், அதே வாசலில் வந்து உட்கார்ந்தாள். 'மறுபடியும் கண்டேன்' என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். சத்தியமாகத் திறந்துவிட்டேன்!

அந்தச் சமயம் தாணம்மை நிற்க மாட்டாமல் என் தோளைப் பற்றினாள். அந்தக் கனம் என்மேல் இறங்கிற்று.

"ஒண்ணும் காணல்லே. போயிட்டு வரட்டும்" என்றேன்.

நீலா கைகளை வீசிக்கொண்டு போனாள். அவள் தெரு திரும்பும்வரை தாணம்மை வாயெல்லாம் சிரிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும்!

இன்று காலையும் கேட்டாள். இல்லை என்றேன். பிரசவத்துக்கு இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. நாளை விடிந்ததும் காலை இழுத்துக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். நான் என்ன சொல்லுவேன் என்று எனக்கே தெரியவில்லை.