பின்னாடிக்காரன்

சலவை நிறுவனத்தில் அவரை எல்லோரும் ‘முன்னேற்றம்’ என்றே கூப்பிட்டார்கள். பதவி உயர்வு ஏதும் கிடைத்து வந்த பெயர் அல்ல அது. மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோய் இறக்கி, அழுக்கு மூட்டைகளை ஏற்றி வருகிற வேன் அவர் பொறுப்பில் இருந்தது. அந்த வேன் முன்பக்கமாக மட்டுமே போகும். பின்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற இடத்துக்குள் அவர் நுழையவே மாட்டார். தெருவைச் சுற்றி, அடுத்த தெருவையும் சுற்றி, வெளியே போகிற வாக்கில் வண்டியை நிறுத்துவார்.

மூட்டை ஏற்றுகிற பெரியவருக்கு இதில் தீராத ஆனந்தம். வேன் வாசலில் திரும்பும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“முன்னேற்றம் வந்தாச்சு. முன்னாடி நிக்கிறவங்க ஒதுங்கிக்குங்க. பின்னாடி நிக்கிறவங்க பாய் விரிச்சுத் தூங்கலாம்.”

“காலையிலயே ஆரம்பிச்சிட்டீங்களாண்ணே.”

“கேக்கிறேன்னு தப்பா நினைக்காத தம்பி. ரிவர்ஸ் கியரைக் கழட்டி வித்துட்டியா?”

“இருக்குண்ணே. புதுசு மாதிரி இருக்கு. கை படாம வச்சிருக்கேன்.”

அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வேறு வழியில்லை. பின்னால் எடுக்கும் கியரில் கை வைத்தால் தமக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் எதுவோ இப்போது தெரியப்போகிறது என்று தோன்றும். கழுத்து இறுகும். காது அடைத்துக்கொண்டு, அதற்குள்ளே ஒரு சத்தம் தொடங்கும். ஓட்டுநர் தேர்வில் எப்படித் தேறினார் என்றால், ஸ்டியரிங்கை எங்கே எவ்வளவு திருப்ப வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு, கண்ணை நேரே முன்னால் வைத்தபடியே வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். தேர்வு அதிகாரி அதைத் தன்னம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார்.

அந்தச் சத்தம் அவருடைய ஆறேழு வயதில் காதுக்குள் புகுந்தது.

அப்பா குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். வீடு மாறிப் போகிற ஒரு குடும்பம், தங்கள் பிள்ளைகள் ஆடிச் சலித்த வீடியோ கேம் பெட்டி ஒன்றை அவரிடம் கொடுத்தது. ஒரே ஒரு கேசட். மேலே ஒட்டியிருந்த தாள் கிழிந்துபோனதால் ஆட்டத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. அவனும் அக்காவும் அதைக் ‘குகை’ என்றார்கள். கையில் விளக்குப் பிடித்த குட்டி மனிதன் ஒருவன் குகைக்குள் ஓடுவான். குழி வந்தால் குதிக்க வேண்டும், பாறை விழுந்தால் ஒதுங்க வேண்டும். அவன் நின்றுவிட்டால் திரையின் இடது ஓரத்திலிருந்து இருட்டு நகர்ந்து வரும். டும், டும் என்று ஒரு சத்தத்தோடு வரும். நெருங்க நெருங்கச் சத்தம் வேகம் பிடிக்கும். இருட்டு தொட்டால் ஓர் உயிர் போய்விடும்.

ஆடும்போது கையில் பிடிக்கிற பொத்தான் கட்டையில் குதிக்கும் பொத்தான்தான் முதலில் கெட்டது. அப்பா அதைத் திருகாணி கழற்றித் திறந்து பார்த்தார். பொத்தானுக்கு அடியிலிருந்த ரப்பர் இற்றுப் போயிருந்தது. மாற்று ரப்பர் கடையில் கிடைக்காது. வேறொரு பொத்தானுக்கு அடியிலிருந்து எடுத்துத்தான் வைக்க வேண்டும்.

“வலது பக்கம் போறதுல கை வைக்க முடியாது. இடது பக்கத்துதான் தேறும். குதிக்கணுமா, திரும்பணுமா? சீக்கிரம் சொல்லுங்க.”

“குதிக்கணும்,” என்றாள் அக்கா. அவன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து அந்த வீட்டில் குகை மனிதன் இடது பக்கம் திரும்பவே இல்லை. பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத் தம்பி கேட்டான்.

“அக்கா, இவன் ஏன் அந்தப் பக்கம் போகமாட்டேங்கிறான்?”

ரப்பர் கதையை விளக்க அக்காவுக்குப் பொறுமை இல்லை. அது அவளுடைய முறை. ஆட்டத்தின் நடுவில் இருந்தாள்.

“அங்க பின்னாடிக்காரன் இருக்கான்.”

“அது யாரு?”

“பேர்லயே தெரியலையா?”

“எப்படி இருப்பான்?”

“பாத்தவங்க யாராவது திரும்பி வந்தாத்தானே சொல்ல.”

அவ்வளவுதான். விளையாட்டாகச் சொன்ன பேச்சு. அக்கா அதை மறந்துவிட்டு அடுத்த குழியைத் தாண்டினாள். தம்பிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவன் முறை வரும்போது கட்டையைப் பிடித்த கை வியர்க்கும். “அக்கா, எனக்கு ஒரு உயிர் குடு, ஒண்ணே ஒண்ணு,” என்று கெஞ்சுவான். “என்னடா பேச்சு இது, விளக்கு வைக்கிற நேரத்துல,” என்று அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள். மூன்றாவது குகையைத் தாண்டி இருவரும் ஒருநாளும் போனதில்லை. அங்கே ஒரு சுவர் மறிக்கும். விளக்கு மனிதன் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். பின்னாலிருந்து சத்தம் வரும். தம்பி கட்டையை வீசிவிட்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஓடிப்போய் ஒளிவான். அங்கே போன பிறகுதான், இப்போது தன் முதுகுக்குப் பின்னால் யாருமில்லை என்பது நினைவுக்கு வரும்.

பிறகு ஒருநாள், கூடப் படித்த பையன் வீட்டில் அதே குகையைப் பார்த்தான். அந்தப் பையன் சுவர் வந்ததும் அலட்டிக்கொள்ளாமல் விளக்கு மனிதனை இடது பக்கம் திருப்பினான். விளக்கின் வெளிச்சம் பட்டதும் இருட்டு ஒதுங்கியது. அங்கே மேலே ஏறுவதற்கு ஓர் ஏணி இருந்தது.

“இங்க பின்னாடிக்காரன் இருப்பானே?” என்றான் அவன்.

“யாரு?”

“ஒண்ணுமில்ல.”

வீட்டுக்கு வந்தவன் அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. அங்கே ஒருவரும் இல்லை என்று அவனுக்கு இப்போது தெரியும். ஆனால் பயம் அந்தச் செய்தியைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பள்ளியில் சுவரை ஒட்டிய கடைசி பெஞ்சு வேண்டும் என்று அடம்பிடித்து, ஆசிரியர்களிடம் போக்கிரி என்று பெயர் வாங்கினான். வளர்ந்த பிறகும் வரிசையில் தனக்குப் பின்னால் நிற்பவரை “நீங்க முன்னாடி போங்க” என்று விட்டுக்கொண்டே இருந்து, கடைக் கதவு சாத்திய பிறகு வீடு திரும்புவார். கல்யாணமான புதிதில் மனைவியைத் தெருவில் முன்னால் நடக்கவிட்டு இவர் பின்னால் வந்ததை, ‘எவ்வளவு மரியாதை பார்’ என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டார்கள்.

அக்காவும் அதே சலவை நிறுவனத்தில்தான் வேலை பார்த்தாள். ஈர விரிப்பை ஒருபக்கம் கொடுத்தால் மறுபக்கம் மடிப்புக் கலையாமல் வெளியே வருகிற சூட்டு உருளை இயந்திரத்தில் நிற்பாள். அன்றைக்குப் பிற்பகல் மழை பிடித்து, பேருந்துகள் ஓடாமல் நின்றுவிட்டன. “நீ எந்தப் பக்கம் போற? என்னையும் ஏத்திக்கோ,” என்று வேனில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் மருத்துவமனை விரிப்புகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன.

ரயில் பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதை வழியில் இருந்தது. அகலம் ஒரு வண்டிக்குத்தான். இரண்டு பக்கமும் சுவர். சரிவில் இறங்கி, நடுவில் ஒரு வளைவு திரும்பினார். எதிரே ஒரு கார் பாதி முங்கி நின்றது, ஆளில்லாமல். அதற்கு அப்பால் வெளிச்சமே இல்லை. தண்ணீர் சுவரோரமாக ஏறிக்கொண்டிருந்தது.

“ரிவர்ஸ் எடுடா,” என்றாள் அக்கா.

அவர் கை கியரின் மேல் இருந்தது. அசையவில்லை.

“எடுக்கிறேன்.”

“எடு.”

வேன் முன்னால் நகர்ந்தது. தண்ணீர் முகப்பில் மோதித் திரும்பியது.

“முன்னாடி தண்ணிடா. கண்ணு தெரியலையா? எங்க போற?”

“இந்தக் காரை ஒட்டினாப்ல போயிடலாம்க்கா.”

“காரே போகல. நீ எங்க போற?” அக்கா அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. பக்கக் கண்ணாடியில் மழை வழிந்து, சாம்பல் நிறத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. வேனுக்குப் பின்புறம் ஜன்னல் கிடையாது. கதவின் அடியில் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்துவிட்டது.

“இன்ஜினை மட்டும் அணைச்சிடாத. நான் பின்னாடி போய் நின்னு சொல்றேன்.”

“வேணாம். பின்னாடி போகாத.”

அவள் இறங்கிவிட்டாள். முழங்காலுக்கு மேலே தண்ணீர். சுவரைப் பிடித்துக்கொண்டு வேனின் பக்கவாட்டில் போனாள். கண்ணாடியில் ஒரு நிழலாகத் தெரிந்து, பிறகு காணாமல் போனாள்.

மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மற்ற ஓட்டுநர்கள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பின்பக்கத் தகரத்தில் தட்டிக்கொண்டே இருப்பார்கள். தட்டல் நின்றால் வண்டி நிற்க வேண்டும். அக்கா இதைத் தினமும் பார்த்தவள். அதையே செய்தாள். டும். டும். டும்.

சுரங்கத்துக்குள் அந்தச் சத்தம் இரண்டு சுவரிலும் பட்டு வந்தது. முன்னால் வழி அடைபட்டிருந்தது. பின்னாலிருந்து டும், டும் என்று கேட்டது. தண்ணீர் ஏறுவதைப் பார்த்து அவசரப்பட்டவள் இன்னும் வேகமாகத் தட்டினாள். அவர் கால் பிரேக்கை இறுக மிதித்துக்கொண்டது. கை கதவைத் திறக்கப் பார்த்தது. வேனை அப்படியே போட்டுவிட்டுக் காரின் மேல் ஏறி, இருட்டுக்குள்ளேயே ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

“தட்டாத,” என்று கத்தினார். “அக்கா, தட்டாத. தயவுசெஞ்சு தட்டாத.”

தட்டல் நின்றது. தம்பி எதைச் சொல்கிறான் என்பது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயதில் வீட்டுத் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதே சத்தத்தைக் கேட்டவள் அவள்.

“தட்டலடா,” என்று குரல் வந்தது. “வாயாலயே சொல்றேன். நான்தான் நிக்கிறேன். வா. வரலாம். நேரா வரலாம்.”

அவர் கியரைப் போட்டார். வேன் முனகிக்கொண்டு பின்னால் ஏறியது.

“வரலாம், வரலாம். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடி. அப்படியே வா.”

இடது பக்கக் கண்ணாடி சுவரில் உரசி முறிந்து தண்ணீரில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. குரலை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார். வளைவு தொடங்குகிற இடம். “வரலாம், வரலாம், வர...”

குரல் அறுந்தது.

அவர் மிதித்த மிதியில் பின்னால் விரிப்புகள் சரிந்தன. “அக்கா?” பதில் இல்லை. “அக்கா.”

இனி அங்கே என்ன இருக்கிறது என்பதை அவர்தான் பார்க்க வேண்டும். கைப்பிரேக்கை இழுத்தார். கதவைத் தள்ளித் திறந்து, இடுப்புவரை வெளியே சாய்ந்து, கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரில் முகம் நனைய முழுதாகப் பின்னால் திரும்பினார்.

வேனின் பின் முனையை ஒரு கை பிடித்திருந்தது. அந்தக் கைக்குக் கீழே அக்கா மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். கால் எதிலோ இடறியிருக்கிறது. சக்கரத்துக்கும் அவள் தோளுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

“ஏன்டா நிறுத்தின?” என்றாள், மூச்சு வந்ததும். “வா.”

“நீ முதல்ல மேல போ. மேல ஏறி நின்னு கூப்பிடு.”

“உன்னால தனியா...”

“போன்னு சொல்றேன்ல.”

அவள் சுவரைப் பிடித்துச் சரிவில் ஏறிப் போனாள். கதவைத் திறந்து வைத்தபடி, தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே, அவர் வேனை எடுத்தார். வழியெல்லாம் பல் கிட்டிக்கொண்டிருந்தது. பயம் ஒரு துளியும் குறையவில்லை. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அக்கா எங்கே நிற்கிறாள் என்பது தெரியாமல் போய்விடும்.

மேட்டில் பூட்டிய கடையொன்றின் கூரைக்கடியில் அக்காவைச் சேர்த்த பிறகு, வேனிலிருந்து ஒரு விரிப்பை உருவி அவள்மேல் போர்த்தினார். இன்னொன்றைத் தாம் சுற்றிக்கொண்டார்.

“உன்னை யாரு பின்னாடி நிக்கச் சொன்னது? இன்னும் கொஞ்சம் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“வரலைல்ல. விடு.” விரிப்பில் அச்சிட்டிருந்த மருத்துவமனை முத்திரையைப் பார்த்தாள். “ரெண்டு பேரும் நோயாளி மாதிரியே இருக்கோம்.” பிறகு மெதுவாகச் சொன்னாள். “டேய். அந்தப் பின்னாடிக்காரன், அது நான் சும்மா...”

“தெரியும்.”

“எப்போ இருந்து?”

“மூணாவது படிக்கிறப்பவே.”

“தெரிஞ்சுமாடா இத்தனை வருஷம் பயந்த?”

“தெரிஞ்சா போயிடுமா?”

அக்கா போர்த்தியிருந்த விரிப்பின் ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். சாலையில் கீழே இறங்கப் பார்த்த ஒரு மோட்டார் சைக்கிளை இருவரும் சேர்ந்து கை காட்டித் தடுத்து அனுப்பினார்கள்.

வேன் இன்னும் சரிவைப் பார்த்தபடிதான் நின்றது. வீட்டுக்குப் போக வேண்டுமானால், கடைக்குப் பக்கத்துச் சந்துக்குள் பின்னால் நுழைத்துத்தான் திருப்ப வேண்டும்.

“இறங்கி நிக்கட்டுமா?” என்றாள் அக்கா.

“வேணாம். நீ உள்ள உக்காரு. கதவைச் சாத்திக்கோ.”

அவர் வேனைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் தனியாகப் போனார். சந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். ஈரச் சுவர், ஒரு சைக்கிள், கவிழ்த்து வைத்த வாளி. வாளியை எடுத்து ஓரமாக வைத்தார். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. திரும்பி வந்து ஏறி, ஈரக் கையைச் சட்டையில் துடைக்கப் பார்த்தார், சட்டையும் ஈரம். அக்கா தான் போர்த்தியிருந்த விரிப்பின் காய்ந்த முனையை நீட்டினாள். துடைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, கியரைப் போட்டார்.