அப்டேட் போட்ட லேப்டாப்பும் மாடிவீட்டு அண்ணனும்

நேற்று லேப்டாப்பில் அப்டேட் போட்டேன். இன்று காலையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வைஃபை அறுந்தது.

ஆபீஸ் மீட்டிங்கில் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் காணாமல் போனேன். "பேசாம லீவு போட்டுருங்க" என்று மேனேஜரிடமிருந்து மெசேஜ் வந்தது.

லேப்டாப்பில் வைஃபை டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். நெட் கம்பெனிக்காரரிடம் கத்தினேன். "விளாங்குடிப் பக்கம் லைன் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றார். இன்னும் கத்தினேன்.

கடைசியில் மாடியில் இருக்கும் ஹவுஸ் ஓனரிடம் போனேன். "அண்ணே, உங்களுக்கும் நெட் கட்டாகுதா?"

"நான்தாம்மா கட் பண்றேன். காலையில இருந்து எவனோ நம்ம நெட்டைத் திருடுறான், செல்லுல எதப் போட்டாலும் சுத்திக்கிட்டே இருக்கு. அதான் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா மோடத்தை ஆஃப் பண்ணி விடுறேன். எம்புட்டு நேரம் தாங்குறான்னு பாப்போம்!"

சத்தமில்லாமல் இறங்கி வந்து லேப்டாப்பைப் பார்த்தேன். போன வருடம் எங்கள் லைன் போனபோது அண்ணனே கொடுத்த பாஸ்வேர்டு. நான் மறந்துவிட்டேன், லேப்டாப் மறக்கவில்லை. அப்டேட் முடிந்ததும் நேராக அவர் வைஃபையில் போய் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் வைஃபைக்கு மாற்றினேன். சாயங்காலம் அண்ணனே இறங்கி வந்தார்.

"பயந்து ஓடிட்டான்மா. ஆனா விடக்கூடாது. நீ கம்ப்யூட்டர் படிச்ச புள்ள, யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு."

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

விசாரணையை எத்தனை நாள் இழுத்தால் நம்பும்படி இருக்கும்? அனுபவசாலிகள் சொல்லவும்.