பொழுது சாய்வதற்குள்

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. ஆண்கள் சாப்பிட்ட பிறகுதான் பெண்கள் உட்கார வேண்டும் என்று எந்த நூலும் சொல்லவில்லை. ஆனால் அதையும் விரதம் மாதிரியே காப்பாற்றி வந்தோம். இரண்டும் சேர்ந்தால் யார் வயிறு காயும் என்று வீட்டு ஆண்களில் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றியதில்லை.

அப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை. பஸ் பிடித்து வேங்கிக்கால் வந்து சேர்வதற்குள் வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கிவிடும். அவர் அவசரமாகச் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது பல நாள் வெளிச்சம் போயிருக்கும். அம்மா தன் தட்டைக் காய்ந்தபடியே அலமாரியில் கவிழ்த்துவிடுவாள். பசியே இல்லை என்பாள். பச்சைப் பொய். மறுநாள் காலையில் அவள் சாப்பிடுகிற வேகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம் சொல்லிப் புலம்பியபோது, எல்லா மதத்துக்காரிகளும் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார்கள். எங்கள் மாடியில் குடியிருக்கும் வெள்ளைக்கார அம்மாவோ, தன் தாயார் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்ததே இல்லை, அடுப்படியில் நின்றபடியே மிச்சத்தைத் தின்பார் என்றார். அடக் கடவுளே, கடல் தாண்டியும் இதே கூத்துதானா!

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. போன கார்த்திகையில், தீபக் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டு அப்பா தாமதமாக வந்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு காத்திருந்த அம்மா, கடைசி வெளிச்சத்தில் அவருக்குப் பரிமாறியபடியே சரிந்துவிட்டாள். நான் ஓடிப்போய் வாயில் சர்க்கரை வைத்தேன். அதற்குள் இருட்டிவிட்டது. பாதி நினைவிலும் அவள் பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். விரலால் நெம்பித்தான் உள்ளே தடவினேன்.

இனியும் இப்படிப் பட்டினி கிடந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அப்பாவிடம் சொன்னேன்.

"அவள யாரு வேணாம்னது? அவளே உக்கார மாட்டேன்றா," என்றார்.

"நீங்க ஒரு தபா உக்காருன்னு சொல்லுங்களேன்."

"அதெல்லாம் பழக்கமில்ல."

நாற்பது வருஷக் குடித்தனத்தில் அந்த ஒரு வார்த்தைக்குப் பஞ்சம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாள் கரண்டியை நானே எடுத்துக்கொண்டேன். இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அம்மாவையும் உட்காரச் சொல்லி, ஒரே நேரத்தில் சோறு போட்டேன். அப்பா இரண்டு தட்டையும் பார்த்தார். எழுந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அம்மாவும் எழுந்திருக்கப் பார்த்தாள். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன். அழுதுகொண்டே சாப்பிட்டாள். அப்பா உள்ளே வரவேயில்லை. வெயில் இறங்கிவிட்டது. அவர் தட்டுச் சோறு அப்படியே இருந்தது.

வாசலிலிருந்தே அப்பா போனில் சொல்லியிருப்பார். அரை மணி நேரத்தில் அப்பாவின் தங்கை, என் அத்தை, செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து போன் செய்துவிட்டாள். பெற்ற அப்பனைப் பட்டினி போட்டவள் உருப்படுவாளா என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் திட்டினாள். அம்மா இத்தனை வருஷம் கிடந்த பட்டினிக்கு ஒருத்தரும் போன் செய்ததில்லை. அத்தை ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்க சாப்ட்டீங்களா அத்தை?" என்றேன்.



"உங்க மாமா இப்பத்தான் வந்தாரு," என்றாள்.