வெர்லினும் தினார் குடும்பமும்

"வாடிக்கையாளர் அந்நியச் செலாவணி வணிகத்தில் அனுபவம் உள்ளவர், சந்தையின் ஏற்ற இறக்கங்களை ஆராய்ந்து முடிவெடுப்பவர், இழப்பைத் தாங்கும் பொருள்வசதி உடையவர்."

தினார் விற்ற கம்பெனியின் கோப்பில் வெர்லின் ஸ்டாம்ப்பரைப் பற்றி இப்படித்தான் எழுதியிருக்கிறது. வெர்லின் ஓய்வு பெறும்வரை எங்கள் கென்டக்கி மலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவர் ஆராய்ந்த ஏற்ற இறக்கமெல்லாம் சாலையில் இருந்தவை. பொருள்வசதி என்றால், மனைவி நோவெல்லா இறந்தபின் ஏரிக்குப் போகாமல் கொட்டகையில் கிடந்த மீன்பிடி படகு. அதை விற்றுத்தான் ஈராக்கின் தினார் நோட்டு வாங்கினார்.

"ஏன் வெர்லின் அப்படி எழுதிக் கொடுத்தீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். நான் அவருக்கு அடுத்த வீட்டுக்காரன்.

"நான் எங்கய்யா எழுதினேன்? கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணா கேட்டான். ஆமான்னு போட்டாத்தான் அடுத்த பக்கம் வந்துச்சு."

தினார் வாங்கியவர்களின் நம்பிக்கை எளிமையானது. போருக்குப் பின் ஈராக்கின் பணம் சல்லிக் காசாகிவிட்டது. ஒருநாள் விடிந்து பார்த்தால் அதன் மதிப்பு ஆயிரம் மடங்கு ஏறியிருக்கும். அன்று நோட்டுக் கட்டு வைத்திருப்பவன் கோடீஸ்வரன். அந்த ஒருநாள் எப்போது என்பதைச் சொல்ல ஒரு கர்னல் இருந்தார். எங்கள் மாநிலத்தில் கர்னல் பட்டத்தை ஆளுநர் மரியாதைக்குக் கொடுப்பதுண்டு, துப்பாக்கி பிடித்திருக்க வேண்டியதில்லை. இவருக்கு அதுவும் யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை. மாலை ஏழு மணிக்கு ஓர் எண்ணை அழைத்தால் கர்னல் பேசுவார், பல மாநிலங்களிலிருந்து ஆட்கள் கேட்பார்கள். கேட்பவர்கள் குரல் வெளியே வராது. பேச வேண்டுமென்றால் தொலைபேசியில் நட்சத்திரக் குறியையும் ஆறாம் எண்ணையும் அமுக்க வேண்டும். சந்தேகம் பேசுகிறவரின் இணைப்பைக் கர்னல் வெட்டிவிடுவார். அவருடைய எண் அதன்பின் உள்ளே போகாது. இந்தக் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் குடும்பம்.

வெர்லின் அவித்த பீன்ஸையும் சோள ரொட்டியையும் தட்டில் போட்டுக்கொண்டு, நோவெல்லா உட்காரும் பக்கத்தில் உப்பு ஜாடிமேல் தொலைபேசியைச் சாய்த்து வைப்பார். கர்னல் சொல்லும் வங்கி ரகசியம், பாக்தாத் ரகசியம் எதையும் அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அப்போதெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் வரும் ஆசைச் சுற்றுக்குத்தான் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்வார். பணம் வந்ததும் என்ன செய்வேன் என்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும்.

"பிரதர் வெர்லின், இன்னிக்கு என்ன வாங்கப் போறீங்க?" இது ஆர்கன்சா மாநிலத்தில் இருக்கும் ஓலீட்டா. கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்து, விரல்கள் மடங்காமல் போன விதவை.

"ஒரு கழுதை, சிஸ்டர்."

"போன வாரம் சர்ச்சுக்குக் கூரைன்னீங்களே!"

"கூரை போட்டாச்சு. இப்போ கழுதை."

"உங்களுக்கு எதுக்கு இன்னொண்ணு? வீட்ல கண்ணாடி இல்லையா?"

முகம் தெரியாதவர்கள் அத்தனை பேரும் பொத்தானை அமுக்கிச் சிரிப்பார்கள். பணத்தின்மேல் பந்தயம் கட்டிய இந்த மனிதருக்குப் பணத்தால் வாங்க ஒன்றுமில்லை. அதனால் தினமும் ஓர் ஆசையைத் தயாரிக்க வேண்டியிருந்தது. காலையில் வேலியோரம் வந்து என்னிடமே கேட்பார்: "இன்னிக்கு என்னய்யா கேக்கலாம்?"

தினார் ஏறாது என்ற விஷயம் அவருக்கு முன்பே தெரியும். டயர் வாங்க ஒரு நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போயிருந்தார். கவுன்டரில் இருந்தவள் கேய்லின், அவர் பேருந்தில் பள்ளிக்குப் போனவள்.

"வெர்லின் ஐயா, இத நாங்க வாங்க மாட்டோம். வித்தவனே பாதிக்குப் பாதி குறைச்சுத்தான் கேப்பான். இது ஏறாது. கேட்டு வர்ற எல்லார்கிட்டயும் இதத்தான் சொல்றேன்."

"சரிம்மா. உங்கம்மா முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். அன்று மாலை ஏழு மணிக்கு உப்பு ஜாடிமேல் தொலைபேசி சாய்ந்திருந்தது. அதற்குப்பின் இரண்டு குளிர்காலம் போனது. ஏமாற்றப்பட்டது தெரிந்த அன்றுதான் அவர் அந்தக் குடும்பத்தில் முழு உறுப்பினர் ஆனார் என்று தோன்றுகிறது. அதற்கு முன்பாவது பணம் என்று ஒரு சாக்கு இருந்தது.

போன மார்ச்சில் அவர் வீட்டு வெந்நீர்க் கொதிகலனைப் பழுதுபார்க்கப் போயிருந்தேன். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆசைச் சுற்றில் ஓலீட்டா சொன்னாள்:

"கர்னல், நாளைக்கு நான் அடக்கச் செலவுக்குக் கட்டி வச்ச காப்பீட்ட உடைக்கிறேன். மொத்தத்துக்கும் தினார் வாங்கிடப் போறேன்."

"நம்பிக்கைன்னா இது! கேட்டீங்களா குடும்பமே? சிஸ்டர் ஓலீட்டா தங்கச் சவப்பெட்டியில போவாங்க!"

"எனக்கு மரச் சவப்பெட்டி போதும் கர்னல். பக்கத்துல என் வீட்டுக்காரர் மரப் பெட்டியிலதான் கெடக்கார். நான் தங்கத்துல போனா சண்டைக்கு வருவார்."

எல்லோரும் சிரித்தார்கள். வெர்லின் சிரிக்கவில்லை. தட்டை நகர்த்தினார். கண் என்மேல் இருந்தது, என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"பிரதர் வெர்லின், உங்க முறை. கழுதைக்குச் சேணம் வாங்கியாச்சா?" என்றாள் ஓலீட்டா.

அவர் தொலைபேசியைக் கையில் எடுத்தார். விரல் பொத்தான்மேலே நின்றது.

"பிரதர்? இருக்கீங்களா?"

அமுக்கினார்.

"ஓலீட்டா, அந்தப் பணத்தக் கட்டாத. இது ஏறாது. எந்த வங்கியும் வாங்காது. நான் கொண்டுபோய்ப் பாத்துட்டேன். எனக்கு ரொம்ப நாளா..."

தொலைபேசி கீச்சென்று ஒலித்து அடங்கியது. மறுபடி எண்ணை அழுத்தினார். பதிவு செய்த குரல் ஒன்று, இந்த எண்ணுக்கு அனுமதி இல்லை என்று மரியாதையாகச் சொன்னது.

"என் போன்ல போட்டுப் பாக்கலாமா?" என்றேன்.

"வேணாம். நீ கொதிகலனப் பாரு."

ஓலீட்டாவின் குடும்பப் பெயர் அவருக்குத் தெரியாது. ஊரும் தெரியாது, ஆர்கன்சா என்பதோடு சரி. அவள் காப்பீட்டை உடைத்தாளா, அவர் பேச்சில் எவ்வளவு அவள் காதில் விழுந்தது என்பதைத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை. இப்போதும் ஏழு மணிக்குத்தான் சாப்பிடுகிறார். வானொலி வைத்துக்கொள்ளச் சொன்னேன். அது என்னிடம் எதையும் திருப்பிக் கேட்பதில்லையே என்றார். காலையில் வேலியோரம் வந்து நிற்கிறார். என்ன கேக்கலாம் என்று கேட்பதில்லை.

கம்பெனியின் கோப்பு அப்படியே இருக்கிறது. வெர்லின் செய்தது இவ்வளவுதான்: படகை விற்றார், பொய் என்று தெரிந்தும் இரண்டு வருடம் அழைப்பில் இருந்தார், பிறகு நட்சத்திரத்தையும் ஆறையும் அமுக்கி, பணம் கட்டாதே என்று ஓலீட்டாவிடம் சொன்னார்.