உபயம் என்று எழுதிய பலகை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முடித்தேனா என்று கேட்டால் சொல்ல முடியாது. பீங்கான் கம்பெனியில் களிமண் மிதித்தவன், இன்று விருத்தாசலத்தில் சொந்தச் சூளை வைத்திருக்கிறேன். என் பொம்மை போகாத ஊர் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வேறு வேலை இல்லாமல் சேவைக்கு வந்தவன் என்று என்னை யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் கோவில் ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலில், நோயாளிக்குத் துணையிருப்பவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறோம். ஆரம்பித்தவன் நான். அரிசி களைவது, கிண்டுவது, அண்டா கழுவுவது எல்லாம் என் கை. புண்ணியத்துக்குச் செய்கிறோம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். பொய். 'டேய்' என்று கூப்பிட்டே பழகிய ஊர் 'ஐயா' என்று கூப்பிடுவதைக் கேட்கத்தான் நான் போனேன்.

போன திருவிழாவுக்கு, வேப்பூரில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் புது அண்டா வாங்கிக் கொடுத்தார். ஒருநாளும் கரண்டி பிடித்தவர் இல்லை. எங்கள் குழுவை நடத்தும் ரிட்டயர்டு வாத்தியார் சூளைக்கு வந்தார். ஆஸ்பத்திரி வாசல் சுவரில் பதிக்க ஒரு பீங்கான் பலகை வேண்டுமாம். உபயம் என்று போட்டு ஓட்டல்காரர் பெயரை எழுத வேண்டுமாம். கீழே என் பெயரும் வருமா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு எதுக்குங்க? உபயம்னா குடுத்தவங்க பேரத்தான் போடுவாங்க. நீங்க வேலை செய்யறவருதானே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

களிமண் மிதித்த காலத்தில் எனக்கிருந்த அதே பெயர். ஏறி வந்ததெல்லாம் எங்கே போயிற்றோ.

பலகையைச் செய்து கொடுத்தேன். மட்டமாகச் செய்ய என் கைக்கு வராது. கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் எழுதிச் சுட்டால், சுரண்டினாலும் எழுத்து போகாது. என் பேரன் காலத்திலும் அந்த ஆள் பெயர் மின்னும்.

அதைப் பதித்த வாரம், கம்மாபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா தூக்குவாளியை நீட்டியபடியே பலகையைப் படித்தாள்.

"இது நீங்களாங்கய்யா?"

"இல்லம்மா. அந்தப் பலகைய செஞ்சவன் நான்."

"கூலி குடுத்துட்டாங்களா?"

"சும்மாதான் செஞ்சேன்."

"சும்மா யாருங்க செய்வாங்க" என்று சிரித்தாள். வாளியை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். செல்போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு போன் வரவில்லை. கஞ்சி எப்போதும்போல நடந்திருக்கிறது. புது அண்டாவில் அடிகூடப் பிடிக்கவில்லையாம்.